ஃப்ரீலான்ஸ் எழுத்துத் தொழில்: வேலை தேடுவதும், தேடிய வேலையைத் தக்கவைப்பதும்

ஃப்ரீலான்ஸ் எழுத்தில், அதாவது ஒரே இடத்தில் பணிக்குச் சேராமல் பலருக்குக் கூலிக்கு எழுதித் தருவதில், ஒரு வேலை எப்படி நகர்கிறது என்பதைத் தேதி போட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு அறிமுகக் கடிதம் அனுப்புகிறீர்கள். பதில் வர ஒன்றிரண்டு வாரம். பேசி, விலை சொல்லி, ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் இரண்டு வாரம். எழுதி, திருத்தி, ஒப்புதல் வாங்க மூன்று நான்கு வாரம். இன்வாய்ஸ் (பணம் கேட்டு அனுப்பும் பட்டியல்) அனுப்பிய பிறகு 30 நாள் தவணை. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது.

அதாவது, இந்த மாதம் வங்கிக் கணக்கு வெறுமையாக இருந்தால், அதன் காரணம் இந்த மாதத்தில் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன்னால் நீங்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? அப்போது கை நிறைய வேலை இருந்தது. வேறு எதற்கும் நேரமில்லை. நான் பார்த்தவரை, நன்றாக எழுதத் தெரிந்தும் இந்தத் தொழிலை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடறினார்கள். வேலை தீர்ந்த பிறகு வேலை தேடினார்கள். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டிய கதை.

கீழே உள்ள படிகளில் விலை, ஒப்பந்தம், வசூல் என்று பல விஷயங்கள் வந்தாலும், எல்லாம் இந்த மூன்று மாத இடைவெளியைச் சமாளிக்கும் வழிகளே. இலக்கிய இதழ்களுக்குக் கதையும் கவிதையும் அனுப்புவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அது வேறு வாழ்க்கை, அதற்கு வேறு கணக்கு.

படி 1: யாருக்கு, எந்த வகை எழுத்து என்று முடிவு செய்யுங்கள்

"எதை வேண்டுமானாலும் எழுதித் தருவேன்" என்று சொல்பவர் யாருடைய நினைவிலும் நிற்பதில்லை. மருத்துவக் கருவி தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் பயனர் கையேடு எழுதுபவர் என்றால், அந்தத் தேவை எழும் நாளில் உங்கள் பெயர் யாருக்காவது ஞாபகம் வரும்.

முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: துறை, எழுத்து வகை. துறையைத் தேர்ந்தெடுக்க, நீங்கள் இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். செவிலியராக இருந்தவர், கணக்காளராக இருந்தவர், ஆசிரியராக இருந்தவர் எல்லோரிடமும் அந்தத் துறையின் பேச்சும் சிக்கல்களும் ஏற்கெனவே இருக்கின்றன. வெறும் எழுத்தாளரால் அதை ஒரே வாரத்தில் படித்துப் பிடித்துவிட முடியாது.

எழுத்து வகையைத் தேர்ந்தெடுக்கும்போது, பலர் கேட்க மறக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த வேலை திரும்ப வருமா? மின்னஞ்சல் செய்திமடல் மாதாமாதம் வரும். பயனர் கையேடு, பொருளின் புதிய பதிப்பு வெளியாகும் ஒவ்வொரு முறையும் வரும். ஆண்டறிக்கை ஆண்டுக்கு ஒரு முறை, கிட்டத்தட்ட அதே பருவத்தில் வரும். நிறுவனத்தின் இணையதளத்துக்கான பக்கங்களை எழுதுவது நல்ல ஊதியம் தரும். ஆனால் ஒரு நிறுவனம் தன் இணையதளத்தை முழுமையாக மாற்றி எழுதச் சில ஆண்டுகள் ஆகும். இணையதளம் எழுதித் தருவதை மட்டும் தொழிலாக வைத்திருப்பவர் ஒவ்வொரு மாதமும் புது வாடிக்கையாளரைப் பிடித்தாக வேண்டும். அதைச் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. அதோடு திரும்ப வரும் வேலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையதளம் முடிந்ததும் அதே வாடிக்கையாளருக்கு மாதச் செய்திமடல் எழுதும் வேலையை முன்வையுங்கள்.

துறையைச் சுருக்கினால் மற்ற வேலைகள் போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். சுருக்குவது நீங்கள் வெளியே சொல்லும் அறிமுகத்தை மட்டும்தான். வேறு துறையிலிருந்து நல்ல வேலை வந்தால் எடுத்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

படி 2: மாதிரிகளைத் தயார் செய்யுங்கள்

மூன்று முதல் ஐந்து மாதிரிகள் போதும். இருபது மாதிரிகளைக் கொடுத்தால் பார்ப்பவர் முதல் இரண்டைத்தான் திறப்பார். அவை உங்கள் சிறந்த இரண்டாக இல்லாமல் போகலாம்.

ஒவ்வொரு மாதிரிக்கு மேலும் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். இது யாருக்காக எழுதப்பட்டது, அவர்களுக்கு என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. வெறும் கட்டுரையைவிட இந்த மூன்று வரிகள் அதிகம் பேசும். வேலை கொடுப்பவர் உங்கள் நடையழகை மட்டும் பார்க்கவில்லை. தன் பிரச்சினையை நீங்கள் புரிந்துகொள்வீர்களா என்பதையும் பார்க்கிறார்.

இன்னும் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லையா? நீங்கள் குறிவைக்கும் துறைக்கு உண்மையிலேயே தேவைப்படும் எழுத்தை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது மாதிரிக்காக எழுதப்பட்டது என்பதையும் குறிப்பிடுங்கள். ஆனால் ஒரு நிறுவனம், "எங்களுக்காக ஒரு கட்டுரை இலவசமாக எழுதிக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். சோதனைக்கு ஒரு சிறிய வேலை கேட்பது நியாயம்தான்; அதற்கும் கூலி உண்டு என்று பணிவாகச் சொல்லலாம். அதை ஏற்க மறுப்பவர் பிறகு பணம் கொடுக்கும் விதத்தையும் இப்போதே காட்டிவிட்டார்.

வெளியான ஒவ்வொரு எழுத்தையும் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து வையுங்கள். நிறுவனங்கள் கைமாறும், இணையதளங்கள் மாறும், உங்கள் சிறந்த கட்டுரை ஒருநாள் சொல்லாமல் காணாமல் போகும். பிறர் பெயரில் எழுதித் தந்தவற்றை மாதிரியாகக் காட்ட முடியுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் சங்கடம்.

படி 3: தேடுபவர் உங்களைக் கண்டுபிடிக்க ஓர் இடம்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஒரு பக்க இணையதளம் போதும்: யாருக்கு என்ன எழுதுகிறீர்கள், மாதிரிகள், இரண்டு பரிந்துரை வாசகங்கள், தொடர்பு கொள்ளும் முகவரி. லிங்க்ட்இன் கணக்கின் தலைப்பு வரியிலும் அதே ஒரு வாக்கியத்தை வையுங்கள். "சொற்களின் காதலன்" போன்ற வரிகள் அங்கே வேண்டாம். கணக்காளரைத் தேடுபவர் "எண்களின் காதலன்" என்று தேடுவதில்லை. சின்னம் வரைவது, நிறம் தேர்வது என்று ஒரு மாதம் ஓட்டிவிடுவது மிக எளிது. கடிதம் அனுப்புவதைத் தள்ளிப்போட இதைவிட மரியாதையான சாக்கு கிடையாது.

படி 4: பட்டியலும் கடிதமும்

இந்தத் தொழிலின் சந்தைப்படுத்தல் என்பது பெரும்பாலும் இந்தப் படிதான்.

முதலில் உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களைப் பட்டியலிடுங்கள். பழைய அலுவலகத் தோழர்கள், முன்னாள் மேலாளர், கூடப் படித்தவர்கள், எப்போதோ ஒரு முறை எழுதித் தந்து முடித்த இடங்கள். இவர்களிடம் வேலை கேட்க வேண்டாம். நீங்கள் இப்போது இன்ன துறைக்கு இன்ன வகை எழுத்தைச் செய்கிறீர்கள் என்று மட்டும் தெரிவியுங்கள். முதல் வேலை பெரும்பாலும் இவர்களிடமிருந்தோ, இவர்களுக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்தோதான் வரும்.

அடுத்து, உங்களைத் தெரியாத ஐம்பது நிறுவனங்கள். பெயரோடு, யாருக்கு எழுத வேண்டும் என்பதையும் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு நிறுவனம் என்றால் உரிமையாளருக்கே எழுதலாம். நடுத்தர நிறுவனம் என்றால் சந்தைப்படுத்தல் தலைவர். பெரிய நிறுவனங்களில் உள்ளடக்கத்துக்கென்றே ஓர் ஆசிரியர் இருப்பார். பொது முகவரிக்கு அனுப்பும் கடிதம் பெரும்பாலும் படிக்கப்படாமலே போகும். விளம்பர நிறுவனங்கள், இணையதள வடிவமைப்பாளர்கள் ஆகியோரையும் பட்டியலில் சேருங்கள். தம்மால் சமாளிக்க முடியாத எழுத்து வேலையை அவர்கள் வெளியே தருவார்கள். ஊதியம் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் ஒருவர் மூலம் பத்து வேலை வரும்.

கடிதம் நூறு, நூற்றைம்பது சொற்களுக்குள் இருக்கட்டும். அதில் முதல் இரண்டு வரி அவர்களைப் பற்றியது. உங்களைப் பற்றியது பிறகு. ஒரு மாதிரி:

"வணக்கம். கடந்த மாதம் வெளியான உங்கள் கிடங்கு மேலாண்மை மென்பொருளின் புதிய பதிப்பைப் பார்த்தேன். சரக்குத் தணிக்கை வசதி நன்றாக இருக்கிறது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்கள் உதவிப் பக்கங்களில் இன்னும் விளக்கம் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனித்தேன்.

நான் சரக்குப் போக்குவரத்துத் துறையில் பணிபுரிந்தவன். இப்போது அந்தத் துறையின் மென்பொருள் நிறுவனங்களுக்குப் பயனர் கையேடுகளும் உதவிப் பக்கங்களும் எழுதுகிறேன். இதே போன்ற ஒரு வசதிக்கு நான் எழுதிய விளக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

புதிய வசதிகளுக்கான பக்கங்களை எழுத வெளியிலிருந்து உதவி தேவைப்படுமானால், அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் பேசலாமா?"

இந்தக் கடிதத்தில் "சிறந்த", "தரமான", "ஆர்வமிக்க" போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களின் பொருளைப் பார்த்திருக்கிறார், ஒரு குறையைக் கண்டிருக்கிறார், அதைத் தீர்க்கத் தெரிந்தவர் என்பதற்குச் சான்று வைத்திருக்கிறார். கேட்பதும் சிறியது: பதினைந்து நிமிடம். குறையைச் சொல்லும் தொனியில் மட்டும் கவனம் தேவை. உரிமையாளரிடம் "உங்கள் இணையதளத்தில் பதினாறு பிழைகள்" என்று தொடங்கினால் அவர் பிழையைத் திருத்திக்கொள்வார், உங்களை அழைக்க மாட்டார்.

பெரும்பாலான கடிதங்களுக்குப் பதில் வராது. அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு அன்றைக்குத் தேவை இல்லை, அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்று மாதம் விட்டு, புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் மறுபடியும் எழுதுங்கள். வேண்டாம் என்று சொன்னவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கேட்காமல் அனுப்பும் வணிக மின்னஞ்சல்களைப் பல நாடுகளின் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. அமெரிக்கா 2003-லேயே இதற்கென்று கேன்-ஸ்பாம் சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. யார் எழுதுகிறீர்கள் என்பதை மறைக்காமல் இருங்கள், ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.

ஃப்ரீலான்ஸ் வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் இணைக்கும் அப்வொர்க் போன்ற இணையத் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் தளத்தின் பொறுப்பில் இருப்பதால் முதல் ஓரிரு வேலைகளுக்கு அது பாதுகாப்பானது. ஆனால் கட்டணம் பிடிப்பார்கள், நீங்கள் சேர்க்கும் நட்சத்திரங்களையும் மதிப்புரைகளையும் வேறு இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது, விதிகளை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முழு வருமானமும் ஒரு தளத்திலிருந்து வருவதும், ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. சம்பளமும் விடுப்பும் மட்டும் கிடையாது.

படி 5: விலை

மாதச் சம்பளத்தில் இருந்து வந்தவர்கள் செய்யும் கணக்கு இது: ஆண்டுக்கு எனக்கு இவ்வளவு வேண்டும்; வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம், ஆக 2,080 மணி நேரம்; வகுத்தால் ஒரு மணி நேரத்தின் விலை. இந்தக் கணக்கு உங்களைப் பட்டினி போடும்.

விடுமுறை, உடல்நலக் குறைவு, பண்டிகைகள் எல்லாம் கழித்து 46 வாரம் என்று வையுங்கள்: 1,840 மணி நேரம். அதில் பாதிதான் கூலி கிடைக்கும் நேரம். மீதிப் பாதி கடிதம் எழுத, விலை பேச, இன்வாய்ஸ் அனுப்ப, கணக்குப் பார்க்க, புதிதாகப் படிக்கப் போய்விடும். ஆகக் கையில் இருப்பது 920 மணி நேரம். ஆண்டுத் தேவையை இந்த 920-ஆல் வகுத்தால் முதல் கணக்கில் வந்ததைவிட இரண்டேகால் மடங்கு வரும். ஆண்டுத் தேவை என்று நீங்கள் எடுத்துக்கொண்ட தொகையில் வரி, காப்பீடு, கணினி, ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவையும் இருக்க வேண்டும். முன்பு முதலாளி கட்டியதை இப்போது நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

இந்த மணிநேர விலை உங்கள் மேசைக்குள் இருக்கட்டும்; வாடிக்கையாளரிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. மணிநேரத்துக்கு விலை சொன்னால், அனுபவம் கூடி நீங்கள் வேகமாக எழுத எழுத வருமானம் குறையும். சொல்லுக்கு இவ்வளவு என்று சொன்னால், முந்நூறு சொற்களில் முடிய வேண்டியதை அறுநூறாக இழுக்க ஆசை வரும். சுருக்கி எழுதும் கடினமான வேலைக்குத் தண்டனைதான் மிஞ்சும். முழு வேலைக்கும் ஒரே தொகை சொல்வதே நல்லது. அதைக் கணக்கிட, படிப்பதற்கு எத்தனை மணி, பேட்டி எடுக்க எத்தனை, எழுத எத்தனை, திருத்த எத்தனை, கூட்டங்களுக்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். கூட்டி வருவதோடு கால் பங்கு சேருங்கள். ஒவ்வொரு வேலை முடிந்த பிறகும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று பக்கத்தில் குறித்து வைத்தால், ஓராண்டில் உங்கள் மதிப்பீடு குறி தவறாது. பெரும்பாலானோர் குறைத்து மதிப்பிடுவது எழுதும் நேரத்தை அல்ல, கூட்ட நேரத்தை.

விலையைச் சொல்லும்போது ஓர் எண்ணைச் சொல்லுங்கள். "இவ்வளவு முதல் இவ்வளவு வரை" என்றால் கேட்பவர் காதில் விழுவது சிறிய எண் மட்டும். சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தாமாகவே விலையைக் குறைத்துக்கொள்பவர்கள் பலர். குறைக்கச் சொல்லிக் கேட்டால் விலையைத் தனியாகக் குறைக்காதீர்கள். வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். "அந்தத் தொகைக்கு ஆறு பக்கத்துக்குப் பதில் நான்கு பக்கம் எழுதித் தர முடியும்" என்பது சண்டையில்லாத பதில்.

திரும்பத் திரும்ப வேலை தரும் வாடிக்கையாளரிடம் ரிட்டெய்னர் பேசுங்கள். மாதத்துக்கு இன்ன வேலைகள், இன்ன தொகை, மாதத் தொடக்கத்தில் பணம். ஒரு மாதம் அவர்கள் பயன்படுத்தாத வேலை அடுத்த மாதத்துக்கு மட்டும் நகரும், அதற்கு மேல் சேராது என்பதை எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஆண்டு முடிவில் ஏழு மாத வேலையை ஒரே வாரத்தில் கேட்பார்கள். இப்படி இரண்டு ரிட்டெய்னர் இருந்தால், முதலில் சொன்ன மூன்று மாத இடைவெளியின் கூர்மை பாதியாகக் குறைந்துவிடும்.

படி 6: ஒப்பந்தம்

ஒப்பந்தம் என்றதும் பதினைந்து பக்கம் வேண்டியதில்லை. இரண்டு பக்கம் போதும். அதுவும் முடியாதபோது, பேசியதையெல்லாம் ஒரு மின்னஞ்சலில் எழுதி "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பதிலாவது வாங்கிவிடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: என்ன எழுதப் போகிறீர்கள், எவ்வளவு நீளம், எப்போது, அவர்கள் தர வேண்டிய தகவல்கள் எப்போது, எத்தனை சுற்றுத் திருத்தம் (இரண்டு என்பது நியாயமான எண்), அதற்கு மேல் என்றால் என்ன கட்டணம், பணம் எப்போது, பாதியில் நிறுத்தினால் என்ன.

புது வாடிக்கையாளரிடம் பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். பெரிய வேலையை மூன்று தவணையாகப் பிரிக்கலாம். கடைசித் தவணையை "ஒப்புதலுக்குப் பிறகு" என்று மட்டும் எழுதிவிட்டால், ஒப்புதல் தருபவர் நீண்ட விடுப்பில் போனாலும் உங்கள் பணம் அவரோடு போய்விடும். "கையெழுத்துப் பிரதி கொடுத்த 14 நாட்களுக்குள் கருத்து வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்" என்ற வரி அதைக் காப்பாற்றும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு வரி: திருத்தங்களை ஒரே ஒருவர் தொகுத்துத் தர வேண்டும். நான்கு பேர் நான்கு விதமாகக் குறிப்பெழுதி, அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று முரணாக வரும்போது, அதைத் தீர்த்துவைப்பது உங்கள் வேலை ஆகிவிடுகிறது. அதற்கு யாரும் கூலி தருவதில்லை.

பதிப்புரிமை பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். 1886-ல் உருவாகி இன்று பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கும் பெர்ன் உடன்படிக்கையின்படி, ஒரு படைப்பு உருவானதுமே அதன் உரிமை பிறக்கிறது. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே உரிமை வாடிக்கையாளருக்கு மாறும்" என்று எழுதிவிட்டால், பணம் தராமல் உங்கள் எழுத்தை வெளியிடுபவரிடம் பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. எதிர்த்தரப்பு அனுப்பும் ஒப்பந்தத்தில், எந்த வழக்கு வந்தாலும் எல்லா இழப்பையும் எழுத்தாளரே ஏற்க வேண்டும் என்ற வாசகம் இருந்தால், அந்தப் பொறுப்பை நீங்கள் பெறும் ஊதியத்தின் அளவோடு நிறுத்தும்படி கேளுங்கள். கேட்டால் பலர் மாற்றித் தருகிறார்கள்.

படி 7: செய்த வேலையிலிருந்து அடுத்த வேலை

புது வாடிக்கையாளரைப் பிடிக்க மூன்று மாதம் ஆகிறது. பழைய வாடிக்கையாளரிடமிருந்து வேலை வர ஒரு மின்னஞ்சல் போதும். ஆனாலும் நம்மில் பலர் வேலையைக் கொடுத்து, பணத்தை வாங்கி, அத்தோடு அவர்களை மறந்துவிடுகிறோம்.

அவர்கள் உங்களைத் திரும்ப அழைப்பது அழகான நடைக்காக மட்டும் அல்ல. கெடுவுக்குள் தருகிறீர்களா, தாமதமாகும் என்றால் கெடு நாளன்று இல்லாமல் மூன்று நாள் முன்பே சொல்கிறீர்களா, ஒரு முறை சொன்ன திருத்தத்தை அடுத்த முறை நினைவில் வைக்கிறீர்களா என்பவையும் கணக்கில் சேரும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நடைக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: எந்தச் சொல்லை விரும்புகிறார்கள், எதை வெறுக்கிறார்கள், பொருளின் பெயரை எப்படி எழுதுகிறார்கள். மூன்றாவது வேலையில் திருத்தமே இல்லாமல் போகும்போது, உங்களை மாற்ற அவர்களுக்கு மனம் வராது.

வேலை முடிந்து, "நன்றாக வந்திருக்கிறது" என்று அவர்கள் சொல்லும் நாளில் மூன்றைக் கேளுங்கள். ஒன்று, இணையதளத்தில் போட இரண்டு வரிப் பரிந்துரை. இரண்டு, அடுத்து என்ன திட்டம் என்று. மூன்று, வேறொருவரிடம் அறிமுகம். இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும்: "யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்" என்பதற்கு யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள், "உங்கள் கூட்டாளி நிறுவனத்தில் கையேடுகளைப் பார்த்துக்கொள்பவரிடம் என்னை அறிமுகப்படுத்த முடியுமா?" என்பதற்குச் செய்வார்கள்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சிறு கடிதம். அவர்கள் துறையில் நடந்த ஏதாவதொன்றைக் குறிப்பிட்டு, நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைவூட்டினால் போதும்.

படி 8: பணத்தை வசூலிப்பது

வேலையை ஒப்படைத்த அன்றே இன்வாய்ஸ் அனுப்புங்கள். வாரக் கடைசியில் மொத்தமாக அனுப்பலாம் என்று வைத்திருப்பது, வட்டியில்லாக் கடனை நீங்களே நீட்டிப்பது. முதல் இன்வாய்ஸுக்கு முன்பே கணக்குப் பிரிவில் யாருக்கு அனுப்ப வேண்டும், கொள்முதல் ஆணை எண் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பணம் தாமதமாகும் பல நேரங்களில், காரணம் கெட்ட எண்ணம் அல்ல. தவறான மேசைக்குப் போன தாள். "30 நாட்களுக்குள்" என்பதற்குப் பதில் தேதியைப் போடுங்கள்.

தவணை நாளுக்கு மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல், தாண்டிய மறுநாள் ஒன்று, ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி. தொனி ஒரே சீராக இருக்கட்டும்:

"வணக்கம். எண் 47 இன்வாய்ஸின் தவணை நேற்றுடன் முடிந்தது. பணம் அனுப்பப்பட்டுவிட்டதா, அல்லது என் தரப்பிலிருந்து ஏதேனும் ஆவணம் தேவையா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்."

மன்னிப்பும் வேண்டாம், கோபமும் வேண்டாம். இரண்டு வாரம் தாண்டினால் கையில் உள்ள வேலையை நிறுத்தி, நிறுத்தியிருப்பதைத் தெரிவியுங்கள். இதற்கெனச் சட்டப் பாதுகாப்பும் பல இடங்களில் உண்டு. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தாமதமாகும் வணிகக் கடனுக்கு வட்டி கேட்கும் உரிமையைத் தருகிறது. நியூயார்க் நகரில் 2017-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஃப்ரீலான்ஸ் ஊழியர்களுக்கென்றே இயற்றப்பட்டது. நீங்கள் இருக்கும் இடத்திலும் வாடிக்கையாளர் இருக்கும் இடத்திலும் என்ன சட்டம் என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதைப் பயன்படுத்த வேண்டி வராது. ஆனால் சட்டம் தெரிந்தவர் எழுதும் கடிதத்தின் தொனியே வேறாக இருக்கும்.

படி 9: வேலை குவிந்திருக்கும் வாரத்தில் என்ன செய்வது

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான், ஏனென்றால் செய்யாமல் விட்டால் உடனே எதுவும் ஆகாது. வாரத்துக்கு ஐந்து கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு மூன்று, பழையவர்களுக்கு இரண்டு. எவ்வளவு வேலை இருந்தாலும் இந்த ஐந்தும் போக வேண்டும். நாளின் முதல் நாற்பது நிமிடத்தில், வாடிக்கையாளர் வேலையைத் திறப்பதற்கு முன் எழுதினால்தான் இது நடக்கும். மாலையில் மீதமிருக்கும் தெம்பில் யாரும் நல்ல அறிமுகக் கடிதம் எழுதியதில்லை.

வேலை நிறைந்திருக்கும்போது யாராவது "சரி, தொடங்கலாம்" என்று சொல்லிவிட்டால்? "ஆறு வாரம் கழித்துத் தொடங்க முடியும், இப்போதே இடம் ஒதுக்கி வைக்கிறேன்" என்று சொல்லி முன்பணம் வாங்குங்கள். காத்திருக்கத் தயாராக இருக்கும் வாடிக்கையாளர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஒரு சாதாரண அட்டவணையில் தேதி, யாருக்கு, என்ன பதில், அடுத்து எப்போது என்று குறித்து வாருங்கள். மாதம் ஒரு முறை மூன்று எண்களைப் பாருங்கள்: போன கடிதங்கள், பதிலுக்குக் காத்திருக்கும் விலைப்புள்ளிகள், அடுத்த 90 நாட்களில் வர வேண்டிய பணம். மூன்றாவது எண் நன்றாக இருந்து முதல் இரண்டும் பூஜ்யமாக இருந்தால், மூன்று மாதம் கழித்து வரப்போகும் வறட்சியை இன்றே பார்க்கிறீர்கள்.

வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே உங்களை விரும்பும் மேலாளர் வேறு வேலைக்குப் போகும் நாளில் அந்தப் பங்கும் போகலாம். (அவர் போகும் புது இடத்துக்கு உடனே வாழ்த்துக் கடிதம் அனுப்புங்கள். இழப்பு அங்கே வேலையாகத் திரும்பி வருவதுண்டு.) வரும் ஒவ்வொரு தொகையிலும் வரிக்கான பங்கை அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். மூன்று முதல் ஆறு மாதச் செலவு கையிருப்பு சேரும்வரை, நல்ல மாதங்களிலும் உங்களுக்கு நீங்களே ஒரே அளவு சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு இருப்பவர்தான் மோசமான விலைக்கு வேண்டாம் என்று சொல்ல முடியும்.

படி 10: இயந்திரம் எழுதும் காலத்தில்

2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து, சொல்லுக்கு இவ்வளவு என்று விற்கப்பட்ட பொதுவான கட்டுரைகளின் சந்தை சுருங்கியிருக்கிறது. அந்தச் சந்தையில் இன்னும் மலிவாக விற்றுப் போட்டி போட முடியாது. தேடினால் கிடைக்காத தகவலைக் கொண்டுவருவதற்கு இன்னும் ஆள் வேண்டும்: நிறுவனத்தின் பொறியாளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் தலைக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருவது, வாடிக்கையாளரின் வாடிக்கையாளரிடம் பேட்டி எடுப்பது, எண்களைச் சரிபார்த்து அவற்றுக்குப் பொறுப்பேற்பது. எனவே உங்கள் விலைப்புள்ளியில் பேட்டிகளையும் சரிபார்ப்பையும் தனி வரிகளாகக் காட்டுங்கள்.

கருவிகளை எங்கே பயன்படுத்துவீர்கள், எங்கே மாட்டீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே சொல்லுங்கள். வாடிக்கையாளரின் வெளிவராத தகவல்களை அவர் அனுமதியில்லாமல் எந்தக் கருவியிலும் போடாதீர்கள். வரைவுகளின் பழைய பதிப்புகளை அழிக்காமல் வையுங்கள். இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் மனிதர் எழுதியதையும் தவறாகக் குறிப்பதுண்டு. அப்போது காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

படி 11: விலையை உயர்த்துவதும், சிலரை விடுவதும்

ஆண்டுக்கு ஒரு முறை வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் செலவிட்ட உண்மையான மணி நேரத்தால் அவர் தந்த பணத்தை வகுத்துப் பாருங்கள். முடிவு பெரும்பாலும் வியப்பாக இருக்கும். பெரிய தொகை தருபவர், கூட்டங்களையும் திருத்தங்களையும் கணக்கில் எடுத்தால் பட்டியலின் அடியில் இருப்பார்.

புது வாடிக்கையாளர்களிடம் முதலில் விலையை உயர்த்துங்கள். இழக்க எதுவும் இல்லை. பழையவர்களுக்கு இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுங்கள்: "இந்தத் தேதிக்குப் பிறகு தொடங்கும் வேலைகளுக்கு என் கட்டணம் இவ்வளவாக இருக்கும். தற்போது நடந்துவரும் வேலைகள் பழைய கட்டணத்திலேயே முடியும்." காரணங்களை அடுக்க வேண்டாம். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதிடுவார்கள்.

பட்டியலின் அடியில் இருப்பவர் புது விலையை ஏற்காவிட்டால், கையில் உள்ள வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்து, அவருக்குப் பொருத்தமான வேறு ஓர் எழுத்தாளரின் பெயரையும் தந்து விலகுங்கள். அந்த எழுத்தாளருக்கு அந்த விலை லாபமாக இருக்கலாம்; அவர் கை நிறைந்திருக்கும் நாளில் உங்களுக்கு ஒரு வேலையை அனுப்பவும் செய்வார். காலியான மணி நேரத்தை உடனே வேறு வேலையால் நிரப்பிவிடாமல், முதல் மாதம் முழுவதும் அதைக் கடிதங்களுக்கே கொடுங்கள்.